சனிக்கிழமை முப்பது கிராம்

சுவர்க் கடிகாரம் எட்டு பத்து காட்டுகிறது. அது நான்கு நிமிடம் முந்தி ஓடும். ஆகவே எட்டு ஆறு. ஒன்பதுக்குள் சாப்பிட்டுவிட்டுப் போன் செய்யவேண்டும் என்று, என்னோடு ஓடுகிற எஸ்தர் கெடு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். முப்பத்து மூன்று ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்து இரண்டு தலைமுறைப் பெண்களுக்குக் கெடு வைத்தவளுக்கு அறுபத்தேழாம் வயதில் ஒரு கெடு. வியர்வை காய்ந்து நெற்றியில் உப்பாகப் படிந்திருக்கிறது, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்கிறது. பதினெட்டு கிலோமீட்டர் ஓடிய கால்கள் மேசைக்கு அடியில் என்னுடையவை அல்லாதவை போல் கிடக்கின்றன. இடது தொடையில் மட்டும் தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று தானாகத் துடிக்கிறது, நிற்கிறது, மறுபடி துடிக்கிறது. இந்த நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கைகளையும் ஊன்ற வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஆகவே எழவேண்டிய காரியம் எதையும் நினைக்காமல் இருக்கிறேன். எதிரே தட்டில் நூறு கிராம் பன்னீர், கிண்ணத்தில் முளைகட்டி வேகவைத்த பச்சைப்பயறு, பக்கத்தில் கெட்டித் தயிர். மூன்றும் சேர்ந்தால் முப்பது கிராம் புரதம், ஒன்றிரண்டு கூடவும் இருக்கலாம். இன்று சனிக்கிழமை. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் பொழுது சாயும்வரை என் வாயில் தண்ணீரும் எலுமிச்சையும் உப்பும் தவிர வேறெதுவும் பட்டதில்லை. சாய்ந்த பிறகும் ஒரு தம்ளர் பால், ஒரு வாழைப்பழம். ஒருபொழுது என்று பிறர் சொல்லிக்கொண்டு நண்பகலில் வடை பாயசத்தோடு உண்பது எனக்கு விரதமாகத் தோன்றியதில்லை. அப்படியானால் இந்தப் பயற்றை வியாழக்கிழமை ஊறவைத்தவள் யார். பன்னீரை நேற்று மாலை கடையில் கேட்டு வாங்கி, கவரின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தவள் யார். அதே கைதான் இப்போது மடியில் கிடக்கிறது, தட்டுக்கும் மடிக்கும் இடையே ஒரு முழம் தூரம், அதை அது கடக்கவில்லை.

மதகுத் திட்டில் உட்கார்ந்ததுதான் பிழை. உட்காராமல் இருந்திருந்தால் எஸ்தர் பார்த்திருக்க மாட்டாள். தொண்டாமுத்தூர் போய்த் திரும்பும் வழியில், பாக்குத்தோப்பு முடிகிற இடத்தில், காலணிக்குள் ஒரு கல், அதை எடுக்க உட்கார்ந்தேன், ஒரு நிமிடமும் இராது. எழப்போனேன், தொடை எழவில்லை. வலி இல்லை, வலி இருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் எழாத பிள்ளையைப் போல அது சும்மா இருந்தது. மறுபடி முயன்றேன். மூன்றாம் முறை திட்டின் விளிம்பைப் பிடித்துத் தள்ளி எழுந்தேன், எழுந்த வேகத்தில் ஒரு எட்டு பக்கவாட்டில் போயிற்று, அங்கே வாய்க்கால். எஸ்தர் என் முழங்கையைப் பிடித்துவிட்டாள். பிடித்த கையை விடவுமில்லை. வடவள்ளி வரும்வரை எஞ்சிய ஐந்து கிலோமீட்டரும் என் வேகத்துக்கு இறங்கி வந்தாள், பேசாமல் வந்தாள், எஸ்தர் பேசாமல் வருவது என்பது காக்கை கரையாமல் இருப்பது. வாசல் கேட் அருகில் நின்று சொன்னாள். "அக்கா, அந்த டயட்டுக்காரப் பொண்ணு சொல்லி பத்து நாளாச்சு. சாப்ட்டீங்களா?" மற்ற நாள்களில் சாப்பிடுகிறேன் என்றேன். "மத்த நாளு நீங்க பதினெட்டு கிலோமீட்டரா ஓடறீங்க? மத்த நாளு காம்பவுண்டு சுத்தி நடக்கறீங்க, அதுக்குப் பருப்பு சாப்ட்டுக்கறீங்க. ஓடுற அன்னைக்கு உங்களையே சாப்ட்டுக்கறீங்க." நான் கேட்டைத் திறந்தேன். "கேளுங்கக்கா, நான் இன்னிக்குக் கோவிச்சுக்கல, தெளிவாத்தான் சொல்றேன். அடுத்த சனிக்கிழமையிலிருந்து நான் தனியாப் போயிக்கறேன். உங்களை ரோட்டோரத்துல தூக்கிப் போட்டு ஆம்புலன்சுக்குக் காத்துட்டு நிக்கற தெம்பு எனக்கில்லீங்க. சாப்ட்டுட்டு ஒம்பதுக்குள்ள போன் பண்ணுங்க, வழக்கம்போல அஞ்சே காலுக்கு வர்றேன். பண்ணலைன்னா புரிஞ்சுக்கறேன்." பிறகு, போகிற போக்கில், தலையைத் திருப்பாமல், "நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு தெரியும், அதனாலதான் வீட்டுக்குள்ள வந்து நின்னு பாக்கல" என்றாள்.

ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்வது மிக எளிய விடை. எளிய விடைகளை நான் முதலில் சரிபார்ப்பேன். ஞாயிறு எஸ்தருக்குத் தேவாலயம், காலை ஆராதனை, பிறகு பாடகர் குழு, அதை அவள் விடமாட்டாள், விடச் சொல்லும் உரிமை எனக்கில்லை. மற்ற ஐந்து நாள்களும் மகள் வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளி வேனில் ஏற்றுவது அவள் பொறுப்பு; தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே அந்த உத்தியோகம் தொடங்கிவிட்டது என்பாள். எஞ்சுவது சனி. எனக்கும் அன்று அடுப்பில்லை, பாத்திரமில்லை, காலைப்பொழுது முழுவதும் காலியாக இருக்கும். நீண்ட ஓட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை என்று பதினாறு ஆண்டுகளுக்கு முன் நான்தான் கட்டம் போட்டு முடிவு செய்தேன். விரதமும் ஓட்டமும் ஒரே நாளில். அதில் எனக்குக் கர்வம் வேறு. மூத்தோர் தடகளப் போட்டிகளில் பிறர் வாழைப்பழத்தையும் பேரீச்சையையும் வாயில் திணித்துக்கொண்டு நிற்கும்போது நான் தண்ணீர் பாட்டிலை மூடி வைப்பேன். தனியாக ஓடலாம். ஓடலாம்தான். ஆனால் வாரத்தில் என் குரலை நானே கேட்பது அந்த இரண்டரை மணி நேரத்தில்தான். புனேயிலிருந்து மகள் சுபத்ரா ஞாயிறு மாலை அழைப்பாள், மூன்று நிமிடம், மருந்து சாப்பிட்டாயா என்பாள், நான் மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை என்பதை அவளுக்கு நினைவூட்டுவேன். போன மாதம் குளியலறையில் வழுக்கவில்லை, வழுக்கப் பார்த்தது, குழாயைப் பிடித்துக்கொண்டேன், பிடித்தபடியே நின்று ஒரு கணக்குப் போட்டேன். செவ்வாய் காலை விழுந்தால் யாருக்கு எப்போது தெரியும். பால்காரர் இரண்டு பாக்கெட் சேர்ந்தால் ஊருக்குப் போயிருப்பதாக நினைத்துக்கொள்வார். பக்கத்து வீட்டார் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். சுபத்ரா ஞாயிறு மாலை. எஸ்தர் சனிக்கிழமை ஐந்தே கால். செவ்வாயிலிருந்து சனிவரை நான்கு நாள். எஸ்தர் வராமற்போனால் ஐந்தரை. அந்த ஒன்றரை நாள் வித்தியாசத்தைக் கையில் குழாயோடு நின்று மனத்துக்குள் கழித்தும் பார்த்தேன், விடை சரியாக வந்தது.

பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிறது. ஒன்று. பருப்பு என்றால் நான்கு வைப்பார்கள். எட்டு பதினெட்டு, கழித்தால் எட்டு பதினான்கு. அந்த டயட்டுக்காரப் பெண் தாமரைச்செல்விக்கு இருபத்தெட்டு வயது இருக்கும், மேசையில் பிளாஸ்டிக்கில் செய்த இட்லியும் முட்டையும் வைத்திருந்தாள், எனக்குப் பார்த்ததும் பிடிக்கவில்லை. ஏழாண்டுக்கு முன் எடுத்த படத்தையும் இப்போது எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எலும்பையும் தசையையும் தனித்தனியாக நிறுத்துக்காட்டும் படம். "மூணு கிலோ தசை போயிருக்குங்கம்மா. வெயிட்டு பெருசாக் குறையல, அதனால உங்களுக்குத் தெரியல." வயதானால் குறைவது இயல்புதானே என்றேன். "இயல்புதான். ஆனா நீங்க ஓடறவங்க, உங்களுக்கு இவ்வளவு போகக் கூடாது. ஓடி முடிச்சதும் என்ன சாப்பிடுவீங்க?" சொன்னேன். எலுமிச்சை, உப்பு, பொழுது சாய்ந்ததும் பால். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "பதினாறு வருஷமாவா?" பதினாறு வருடமாக. அவள் சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்ததை நான் பார்த்தேன். "ஓடி முடிச்சதும் உடம்பு கொத்தனாரு, சித்தாளு எல்லாத்தையும் கூட்டி வெச்சுட்டு நிக்குதுங்க. நீங்க செங்கல் அனுப்பல. வந்தவங்க சும்மா போவாங்களா, இருக்கற சுவத்தை இடிச்சு அதுல எடுத்துக்குவாங்க." இளம் வயதினரைவிட எனக்குக் குறைவாகத்தானே வேண்டும் என்று கேட்டேன், வயது கூடக் கூட உணவு குறையவேண்டும் என்பதுதான் நான் அறிந்தது. "இல்லீங்கம்மா, அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. வயசான தசைக்குக் காது கொஞ்சம் மந்தம். சின்னப் பிள்ளைங்களுக்கு இருபது கிராம்ல காதுல விழுந்துரும், உங்களுக்கு முப்பதுன்னாத்தான் திரும்பியே பாக்கும். அதுவும் ஒரே வேளையில. ஓடுன சூட்டோட." எஸ்தர் பக்கத்து நாற்காலியிலிருந்து, "எங்கக்காவுக்குக் காது மந்தம்னு நான் ரொம்ப நாளாச் சொல்றேன்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். நான் கைப்பையின் ஜிப்பை மூடினேன், திறந்தேன். பிறகு கேட்டேன், கேட்க நினைக்காததைக் கேட்டேன்: இவ்வளவு புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்காதா. "அது ஏற்கெனவே கெட்டவங்களுக்குத்தாங்கம்மா. உங்க ரிப்போர்ட்டுல எல்லாமே சுத்தமா இருக்கு. யாருங்க உங்களுக்கு அப்படிச் சொன்னது?" யாருமில்லை என்றேன்.

யாருமில்லை. என் கணவர் வேங்கடபதிக்கு ஒரு வேளைக்குப் பருப்பு ஒரு கரண்டி. பெரிய கரண்டியன்று, நெய் ஊற்றுவதற்கென்று என் மாமியார் வைத்திருந்த சின்னது. தயிர் அரைக் கிண்ணம், அதில் பாதி மோராக்கி. கொண்டைக்கடலை, பட்டாணி, பன்னீர், முட்டை கிடையாது. அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் சுருங்கத் தொடங்கிய ஆண்டு நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் கொடுத்த அட்டவணையை ஒரே இரவில் மனப்பாடம் செய்தேன். எந்தப் பருப்பில் எவ்வளவு, எந்த இலையில் எவ்வளவு, இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டால் சொல்வேன். தாமரைச்செல்வி தன் அட்டவணையை நீட்டியபோது எனக்கு அது தேவைப்படவில்லை, இரண்டு இடத்தில் அவள் அச்சுப்பிழையைத் திருத்திக் கொடுத்தேன். அவர் பம்பு கம்பெனியில் வரைபடப் பிரிவில் இருந்தவர், அளவு என்றால் மதிப்பவர், முதல் ஆண்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் ஆண்டு ஒரு நாள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நாயகி, இன்னும் ஒரு கரண்டி போட்டா இப்பவே செத்துருவனா?" என்றார். இப்போதே சாகமாட்டீர்கள் என்றேன். "அப்பறம் என்ன?" அப்புறம்தான் சாவீர்கள் என்றேன். அவர் சிரித்தார். என்னுடைய அந்த மறுமொழியை அவர் தம் நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். நான் போடவில்லை. ஒரு நாளும் போடவில்லை. சாம்பாரின் தெளிவைத்தான் ஊற்றுவேன், அடியில் தங்கியதைக் கரண்டியின் பின்புறத்தால் ஒதுக்குவேன், அவர் கண் அந்த ஒதுக்கலைப் பின்தொடரும்.

நான் என்ன சாப்பிட்டேன் என்பது அடுத்த கேள்வி. அதை இந்த மேசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டதில்லை, ஓடும்போது ஓரிரு முறை வந்திருக்கிறது, வேகத்தைக் கூட்டினால் போய்விடும். இப்போது கூட்டுவதற்குக் கால் இல்லை. காலையில் அவருக்கு முன்னால் எழுந்து அடுக்களையில் நின்றபடியே இட்லியும் சட்டினியும். மதியம் பள்ளியில் ஆசிரியைகள் அறையில் என் டப்பா, அதில் நிறையப் பருப்பு, கெட்டிப் பருப்பு, மூடியைத் திறந்தாலே மணக்கும். இரவு அவர் படுத்த பிறகு. ஞாயிறு அவர் தம் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவார். சனிக்கிழமை மட்டும் இருவருக்கும் விடுமுறை, சுபத்ரா அப்போது விடுதியில், மூன்று வேளையும் இதே மேசை, இதே இரண்டு நாற்காலிகள். அவர் தட்டில் உள்ளதை நான் சாப்பிட்டால் எனக்குப் போதாது. எனக்குப் போதுமானதை அவர் முன் வைத்துச் சாப்பிட என்னால் ஆகவில்லை. என்னிடம் இரக்கம் பெருகியது என்று எவரும் எண்ண வேண்டாம்; அந்தக் கண்ணைப் பார்க்க விருப்பமில்லை, அவ்வளவே. ஆகவே ஒரு சனிக்கிழமை, இன்று எனக்கு ஒருபொழுது, பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன், உங்கள் உடம்புக்காக, என்றேன். நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. கோயிலுக்குப் போகும்போது கூட நான் கோபுரத்தின் நிழல் நீளத்தைத்தான் அளந்துகொண்டு நிற்பேன். ஆனால் அந்தச் சொல் எல்லார்க்கும் உடனே பிடித்துவிட்டது. அவர் அண்ணி கண் கலங்கினாள். ஆசிரியைகள் என்னை வேறு மாதிரிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டார் சனிக்கிழமைகளில் பலகாரம் கொடுத்தனுப்புவதை நிறுத்தினார்கள். நான்கு மாதம் கழிந்து ஒரு சனிக்கிழமை, அவர் தம் தட்டை முடித்துவிட்டு, கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்து, "இன்னிக்கும் பெருமாளா?" என்றார். ஆமாம் என்றேன். "நீ எதிர்ல உக்காந்து நல்லாச் சாப்பிடறதப் பாத்தா எனக்கு ஒண்ணும் ஆகாது, நாயகி. தனியாச் சாப்பிடறதுதான் கஷ்டமா இருக்குது." விரதத்தை இடையில் நிறுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் அந்த வாக்கியத்தைத் தவிர வேறெந்த வாக்கியத்தையும் அழிக்க விரும்பியதில்லை.

குக்கர் மூன்றாவது விசில், இரண்டாவதை நான் கேட்கவில்லை. எட்டு முப்பத்தாறு, அதாவது முப்பத்திரண்டு. தயிரின் மேல் நீர் பிரிந்துவிட்டது. இப்போது எழுந்து இதையெல்லாம் மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, போனை எடுத்து, சாப்பிட்டேன் என்று சொன்னால் எஸ்தர் நம்புவாள். வீட்டில் எவரும் இல்லை. இன்று நான் சாப்பிட்டாலும் எவருக்கும் தெரியாது, சாப்பிடாவிட்டாலும் தெரியாது. பொய் சொல்லமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டுப் போனது என் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நான் அஞ்சுவது உணவை அன்று, இது எனக்குத் தெளிவாக வேண்டும், இதை நான் வரிசையாகப் பார்க்க வேண்டும். நோயின் ஆறாம் ஆண்டு அவருக்கு டயாலிசிஸ் தொடங்கியது, வாரத்துக்கு மூன்று முறை. முதல் வாரத்திலேயே மருத்துவர் என்னைக் கூப்பிட்டு, இனிப் பழைய அளவு வேண்டாம், எந்திரம் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது, அதோடு சத்தும் போகிறது, இனிப் பருப்பு கொடுங்கள், முட்டை கொடுங்கள், இரண்டு மடங்காகக் கொடுங்கள் என்றார். நேர் எதிர். ஐந்தாண்டுகளாக நஞ்சு என்று நான் ஒதுக்கியது இனி மருந்து. நான் நம்பவில்லை. இளம் மருத்துவர், புதிதாக வந்தவர், அட்டவணையைச் சரியாகப் படிக்காமல் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். பெரிய மருத்துவர் வெளிநாடு போயிருந்தார், அவர் வந்து எழுத்தில் தரட்டும் என்று காத்திருந்தேன். ஐந்து வாரம். ஐந்து வாரமும் அதே சின்னக் கரண்டி, ஒரு சொட்டுக் கூடக் கூடாமல், ஒழுங்காக. பெரியவர் வந்தார், எழுதினார், அன்று மாலையே குழம்புக் கரண்டி நிறையப் பருப்பை அவர் தட்டில் போட்டேன். அவர் அதைச் சோற்றோடு பிசைந்தார், ஒரு வாய் வைத்தார், தட்டைத் தள்ளினார். "இப்ப வேண்டாம்மா. பசியே இல்ல." அதற்குப் பின் ஏழு மாதம், அவர் போகும்வரை, என்ன சமைத்தாலும் அதே சொல். ஐந்து வாரத்தால்தான் அப்படி ஆயிற்று என்று எவரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது, அந்த நோயில் பசி எப்படியும் போகும். இருந்தாலும் ஐந்து வாரம் ஐந்து வாரம்தான். அளவு மாறிவிட்டது என்று அறிந்தவர் ஒருவர் வந்து சொன்னார், நான் மாற்றவில்லை. பத்து நாளுக்கு முன் ஒருத்தி அளவு மாறிவிட்டது என்று சொன்னாள், பேனாவைக் கீழே வைத்துச் சொன்னாள், நான் அவளுடைய அச்சுப்பிழையைத் திருத்திவிட்டு வந்தேன்.

பன்னீரில் முதல் துண்டு குளிர்ந்து சப்பென்று இருக்கிறது. உப்புப் போட்டிருக்கலாம். மெல்லும் சத்தம் காதுக்குள் பெரிதாகக் கேட்கிறது, சனிக்கிழமைக் காலையில் இந்த அறையில் இந்தச் சத்தம் புதிது. எதிர் நாற்காலியைப் பார்க்காமல் சாப்பிடுவது எப்படி என்று ஒரு யோசனை வருகிறது, பார்த்தே சாப்பிடலாம், அது நாற்காலி. பார்க்கிறேன். பயறு நன்றாகவே வெந்திருக்கிறது. முதல் ஐந்து வாய்வரை கடமையாகப் போகிறது, எண்ணிக்கொண்டேன், ஆறாவதில் எண்ணிக்கை நழுவிவிட்டது, ஏனென்றால் பசித்தது. இது பழைய பசி, எங்கிருந்து இவ்வளவு வந்தது என்று தெரியவில்லை, கை அதன் போக்கில் கிண்ணத்துக்கும் வாய்க்குமாகப் போய்வருகிறது, தயிரை ஸ்பூனில்லாமல் கிண்ணத்தோடு எடுத்துக் குடிக்கிறேன், மேல் உதட்டில் ஒட்டியதைப் புறங்கையால் துடைக்கிறேன், நான் வளர்த்த எந்தப் பிள்ளையையும் இப்படிச் சாப்பிட விட்டதில்லை. அழுகை ஒன்றும் வரவில்லை. ஏப்பம் வந்தது. எட்டு ஐம்பத்தைந்து, ஐம்பத்தொன்று. தட்டைக் கழுவாமல் போனை எடுக்கிறேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் பிள்ளைகள் சண்டை போடும் சத்தம். "சொல்லுங்கக்கா." சாப்பிட்டுவிட்டேன் என்கிறேன். "என்ன சாப்ட்டீங்க?" பன்னீர், பயறு, தயிர். "எவ்வளவு?" எல்லாம். அவள் யாரையோ அதட்டுகிறாள், கதவைச் சாத்துகிறாள். "பெருமாளு கோவிச்சுக்கிட்டாருன்னா என் பேரைச் சொல்லுங்க, நான் வேற டிப்பார்ட்மெண்டு, என்னை ஒண்ணும் பண்ண முடியாது." பெருமாளுக்கு இதில் சம்பந்தமில்லை என்கிறேன். "அப்படின்னா?" நான் பொய்யே சொல்லமாட்டேன் என்று காலையில் சொன்னாய், அது தவறு, ஒரு பொய் இருக்கிறது, நீண்ட நாளாக. சொல்லி முடித்த பிறகுதான் சொல்லிவிட்டேன் என்பது எனக்கே கேட்கிறது. எஸ்தர் சிரிக்கவில்லை. "யார்கிட்டக்கா?" என்கிறாள், தபால் அலுவலகக் குரலில், பதிவுத் தபாலை வாங்கிக்கொள்ளும் குரலில். போனில் சொல்ல முடியாது, அடுத்த சனிக்கிழமை போகும்போது சொல்கிறேன். "ஓடிட்டே அவ்வளவு பேசுனா உங்களுக்கு மூச்சு வாங்குங்கக்கா."

வாங்கட்டும் என்கிறேன்.